நாடார் குல மித்திரன்: ஒரு வட்டார இதழும் அதன் வாசகர் எல்லையும்

நாடார் குல மித்திரன் 1919-இல் அருப்புக்கோட்டையில் தொடங்கப்பட்ட தமிழ் இதழ். சூ. ஆ. முத்து நாடார் இதன் ஆசிரியர். அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், அதாவது இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், வணிகத்தில் காலூன்றியிருந்த நாடார் சமூகத்தின் சீர்திருத்த முயற்சிகளுக்கு இவ்விதழ் குரலாக இருந்தது. 1920-களின் பிற்பகுதியில் ஈ. வெ. ராமசாமியின் சுயமரியாதை இயக்கத்தை ஆதரித்தது. அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் நாடார் சமூகத்தின் அரசியல் வரலாற்றை எழுதி 1969-இல் வெளியிட்டபோது இவ்விதழையும் சான்றாகப் பயன்படுத்தினார்.

இதழியல் வரலாறுகளில் நாடார் குல மித்திரன் பெரும்பாலும் ‘சாதி இதழ்கள்’ என்ற தலைப்பின் கீழ் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. அந்த வகைப்பாட்டில் பிழையில்லை. பெயரிலேயே குலம் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால் இதழின் இன்னொரு முகம் தெரியாமல் போகிறது. விருதுநகர், அருப்புக்கோட்டை, சிவகாசி வட்டாரத்துக்கு அது ஊர்ப் பத்திரிகையாகவும் இருந்தது. அந்த வட்டாரத்தின் செய்தியை வெளியூர்க்காரர் எழுதிய காலத்தில், உள்ளூரில் ஒரு தரப்பார் தம் செய்தியைத் தாமே எழுதத் தொடங்கியதன் அடையாளம் அது. அதன் வலிமையும் குறையும் இந்த இரண்டு முகங்களும் ஒன்றாகவே இருந்ததிலிருந்து வந்தவை.

பின்னணி

விருதுநகர் அன்று விருதுபட்டி. 1923-இல்தான் பெயர் மாறியது. சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் குடியேறிப் பேட்டைகள் அமைத்தனர். மாட்டு வண்டிகளில் சரக்கு கொண்டு செல்பவர்கள் இரவு தங்கவும் சரக்கைப் பாதுகாக்கவும் சுவரெழுப்பிய இடமே பேட்டை. வணிகம் வளர்ந்தது. பணமும் வந்தது. சமூக மதிப்பு மட்டும் வரவில்லை. கோயில் நுழைவு, பல்லக்கு ஊர்வலம், தெருவில் செல்லும் உரிமை என ஒவ்வொன்றும் பூசலுக்குக் காரணமாயிற்று.

1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததையொட்டி எழுந்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908-இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக அமைந்தது. இடையில் 1899 ஜூன் 6 அன்று சிவகாசி தாக்கப்பட்டது. சிவன் கோயில் நுழைவுரிமை குறித்த பூசல் முற்றி, பல ஊர்களிலிருந்து திரண்டு வந்த கூட்டம் நகரைச் சூறையாடியது. உயிர்ச்சேதமும் தீவைப்பும் நடந்தன. இன்றும் அந்தப் பகுதி முதியவர்கள் ‘சிவகாசிக் கொள்ளை’ என்றே அந்த நாளைச் சொல்கிறார்கள்.

இந்த நிகழ்ச்சி எங்கே பதிவாயிற்று என்று பார்ப்பது இதழின் வரலாற்றுக்கு முக்கியம். காவல்துறை அறிக்கை, மாவட்ட ஆட்சியர் கடிதம், நீதிமன்றச் சாட்சியம், சென்னைப் பத்திரிகை ஆகியவற்றில்தான். தாக்கப்பட்டவர்களின் வாக்குமூலம் வழக்குக் கட்டுகளுக்குள் இருந்தது. அதுவும் கேட்கப்பட்ட கேள்விக்குச் சொல்லப்பட்ட பதிலாகவே இருந்தது. சுதேசமித்திரன் நாளிதழாக மாறியது அதே 1899-இல். தேசத்தின் நண்பன் என்று பெயர் சூட்டிக்கொண்ட ஒரு பத்திரிகை தினமும் வரத் தொடங்கிய ஆண்டில், தெற்கே ஒரு நகரம் எரிந்தது. இருபது ஆண்டுகள் கழித்து அந்த வட்டாரத்தில் தோன்றிய இதழ் ‘குல மித்திரன்’ என்று பெயர் வைத்துக்கொண்டதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. தேசத்தின் நண்பன் எல்லோருக்கும் நண்பனாக இல்லை என்ற அனுபவம் அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

நிர்வாக அமைப்பும் இதற்கு உதவவில்லை. 1899-இல் சிவகாசி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளை எடுத்து இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது இவ்வூர்கள் அதற்குள் வந்தன. ஆனால் அந்த மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் மதுரையில் இருந்தது. ஆட்சியரும் வெளியூரில், பத்திரிகையும் வெளியூரில். விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டம் 1985-இல்தான் அமைந்தது. ஒரு வட்டாரத்துக்குச் செய்தித்தாள் உருவாக வேண்டுமானால் அங்கே ஒரு கச்சேரியோ கல்லூரியோ அரசியல் மையமோ இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இந்த ஊர்களில் அவற்றின் இடத்தில் இருந்தது சந்தை. சந்தையை நடத்தியது உறவின்முறை.

உறவின்முறையின் அச்சு வடிவம்

உறவின்முறை என்பது ஓர் ஊரில் உள்ள நாடார் குடும்பங்களின் கூட்டமைப்பு. ஊருக்குள் வரும், ஊரிலிருந்து போகும் சரக்கின் மீது மகமை என்ற சிறு தொகை வசூலிக்கப்படும். அந்தப் பொதுப் பணத்தில் கோயில், கிணறு, சத்திரம், பள்ளி நடத்தப்படும். வழக்குகள் கூட்டத்தில் தீர்க்கப்படும். கணக்கு உறுப்பினர் முன் வைக்கப்படும். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை இப்படி உருவான பள்ளி. காமராஜர் படித்தது அங்கேதான். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்று சேர்த்துப் பள்ளியை நடத்திய கதை இன்றும் அவ்வூரில் சொல்லப்படுகிறது.

1910-இல் பொறையார் இரத்தினசாமி நாடாரின் முயற்சியில் நாடார் மகாஜன சங்கம் தோன்றியதும், தனித்தனி ஊர்களின் உறவின்முறைகளுக்கு மேல் ஒரு பெரிய அமைப்பு கிடைத்தது. இங்கேதான் அச்சு தேவைப்பட்டது. உறவின்முறை கூட்டத்தில் பேசியதை மறுநாள் கடைத்தெருவில் சொல்லிவிடலாம்; அதற்குப் பத்திரிகை வேண்டாம். சிவகாசியில் பேசியதைத் தூத்துக்குடியில் கடை வைத்திருப்பவரும் கொழும்புக்குப் பிழைக்கப் போனவரும் அறிய வேண்டுமானால் தாளும் தபாலும் வேண்டும். குல மித்திரனின் வேலை இது. ஊர்க் கூட்டத்தின் குரல் எட்டும் தூரத்தை அது நீட்டியது.

இதழ் தொடங்கிய அடுத்த சில ஆண்டுகளின் நிகழ்ச்சிகளைப் பார்த்தால் அதன் சூழல் விளங்கும். 1921-இல் அரசு ஆவணங்களில் பழைய பெயர் நீக்கப்பட்டு ‘நாடார்’ என்ற பெயர் ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். பெயர் மாறியது 1962-இல். பட்டிவீரன்பட்டி ஊ. பு. அ. சௌந்தரபாண்டியன் சட்டமன்ற மேலவையில் இடம்பெற்றார். பெயர், வங்கி, சட்டமன்றம், பள்ளி எல்லாம் ஒரே சமயத்தில் கைக்கு வந்துகொண்டிருந்தன. இப்படி வேகமாக மேலே வரும் ஒரு சமூகத்துக்குத் தன்னைப் பற்றித் தானே படிக்கும் ஆசை இருக்கும். அந்த ஆசையை வெறும் தற்பெருமை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. அதுவரை தம்மைப் பற்றி அச்சில் வந்ததெல்லாம் குற்ற வழக்காகவோ, மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சாதிக் குறிப்பாகவோ இருந்தவர்களுக்குத் தம் ஊர்த் திருமணச் செய்தி அச்சில் வருவதே ஒரு பெரிய மாற்றம்.

பெயரைத் துறக்கச் சொன்ன இயக்கமும் பெயரைத் தாங்கிய இதழும்

குல மித்திரனைப் படிப்பதில் உண்மையான சிக்கல் 1925-க்குப் பிறகு தொடங்குகிறது. அந்த ஆண்டு மே 2 அன்று ஈரோட்டில் ‘குடி அரசு’ வெளிவந்தது. சுயமரியாதை இயக்கம் இந்த வட்டாரத்தில் விரைவாக வேர்விட்டது. புரோகிதர் இல்லாத முதல் சுயமரியாதைத் திருமணம் என்று இயக்க வரலாறு குறிக்கும் திருமணம் 1928 மே 28 அன்று அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் நடந்தது. குல மித்திரன் வெளிவந்த ஊரிலிருந்து அது எட்டிப் பார்க்கும் தூரம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதலாவது மாகாண சுயமரியாதை மாநாட்டுக்குச் சௌந்தரபாண்டியன் தலைமை வகித்தார். மூன்றாவது மாநாடு 1931 ஆகஸ்டில் விருதுநகரிலேயே ஆர். கே. சண்முகம் செட்டியார் தலைமையில் கூடியது.

செங்கல்பட்டு மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயருக்குப் பின்னால் போடுவதைக் கைவிடச் சொன்னது. அந்த இயக்கத்தை ஆதரித்த இதழின் தலைப்பில் குலம், ஆசிரியர் பெயரின் முடிவில் பட்டம். இதை முரண் என்று சுட்டிக்காட்டுவது எளிது. பலர் காட்டியும் இருக்கலாம். ஆனால் காலக்கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதில் ஏளனத்துக்கு இடமில்லை. ‘நாடார்’ என்ற பெயரை அரசு ஏற்றது 1921-இல். அதை உதறிவிட வேண்டும் என்ற அழைப்பு வந்தது 1929-இல். நெடுநாள் போராடி வாங்கிய ஒன்றை எட்டே ஆண்டில் கீழே வைக்கச் சொன்னால் யாருக்கும் கை வராது. பட்டத்தைப் பரம்பரையாக அனுபவித்தவருக்கு அதைத் துறப்பது தியாகம். நேற்றுப் பெற்றவருக்கு அது மறுபடியும் இழப்பு. இந்த வேறுபாட்டை இயக்கத்தின் பிரசுரங்களைவிடத் தெளிவாகக் காட்டுவது நாடார் குல மித்திரன் என்ற தலைப்பே.

இதே மாவட்டத்தின் இன்னொரு மூலையில் நடந்ததோடு ஒப்பிடலாம். காரைக்குடியில் 1920-இல் ‘தன வைசிய ஊழியன்’ தோன்றியது. நகரத்தார் சமூகத்துக்கான இதழாகத் தொடங்கிய அது பின்னாளில் முன்னொட்டை விட்டுவிட்டு ‘ஊழியன்’ ஆயிற்று. ராய. சொக்கலிங்கம் அதன் ஆசிரியராக இருந்தார். புதுமைப்பித்தன் சில காலம் அங்கே வேலை பார்த்தார். தலைப்பிலிருந்து குலம் போனதும் அந்த இதழுக்குள் இலக்கியம் வந்தது, வெளியூர் எழுத்தாளர் வந்தார். இன்று தமிழ் இலக்கிய வரலாற்றில் ‘ஊழியன்’ பெயருக்கு ஓர் இடம் உண்டு.

குல மித்திரன் அந்தப் பாதையில் செல்லவில்லை. அதற்கு நகரத்தார்க்கு இருந்த வசதி இல்லை என்பது ஒரு காரணம். கோயில் கட்டிக் குடமுழுக்குச் செய்யும் சமூகம் தன் பெயரை விட்டுக்கொடுப்பதால் இழப்பது எதுவுமில்லை. கோயில் வாசலில் தடுக்கப்பட்ட சமூகத்தின் நிலை வேறு. ஆயினும் இழப்பு இழப்புதான். சந்தையில் எல்லாச் சாதியாரும் புழங்கிய ஊர்கள் இவை. வத்தலும் மல்லியும் பருத்தியும் கொண்டுவந்த சம்சாரி, மூட்டை தூக்கியவர், தறி நெய்தவர், தோல் பதனிட்டவர் எல்லோரும் அதே தெருவில் நடந்தார்கள். இவர்கள் செய்திப் பொருளாகலாம். ஆனால் ‘குல மித்திரன்’ தன்னை விளித்துப் பேசுகிறது என்று அவர்களில் யாரும் நினைக்க முடியாது. ஒரு பத்திரிகையின் வாசகர் எல்லையை அதன் விற்பனை தீர்மானிப்பதற்கு முன்பே தலைப்பு தீர்மானித்துவிடுகிறது.

நாடார் சமூகத்துக்குள்ளும் ஒரே குரல் இல்லை. விருதுநகரின் பெரிய வணிகர்களில் பலர் நீதிக்கட்சிப் பக்கமும் சுயமரியாதை இயக்கத்தின் பக்கமும் நின்ற காலத்தில், அதே தெருக்களில் காமராஜர் காங்கிரஸ் கொடியோடு நடந்துகொண்டிருந்தார். 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார். 1937-இல் சாத்தூர் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்றார். சமூகத் தலைமையின் ஆதரவு இல்லாமலே அவர் வளர்ந்தார். இந்தியாவின் பெரிய அரசியல் தலைவர்களில் ஒருவரான அவருடைய வளர்ச்சி, அவருடைய ஊர் வட்டாரத்திலிருந்து வந்த இதழின் சார்புக்கு எதிர்த்திசையில் நடந்தது. ஊரின் குரல் என்று ஒரு இதழ் தன்னைச் சொல்லிக்கொள்ளும்போது, ஊருக்குள் இன்னும் எத்தனை குரல் என்று வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மேல் நோக்கிய பார்வை

குல மித்திரன் எழுப்பிய கேள்விகள் எல்லாம் மேல்நோக்கியவை. கோயில் ஏன் அடைக்கப்பட்டது, அரசு ஏன் பழைய பெயரை எழுதுகிறது, புரோகிதர் ஏன் வேண்டும். இவை நியாயமான கேள்விகள். அன்று கேட்பதற்குத் துணிவும் தேவைப்பட்டது. கீழ்நோக்கிக் கேட்க வேண்டிய கேள்விகள் அதே ஆண்டுகளில்தான் உருவாகிக்கொண்டிருந்தன.

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். மழை குறைந்த, வேளாண்மை நம்ப முடியாத அந்தக் கரிசல் பகுதியில் தீப்பெட்டித் தொழில் பரவியது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. பெட்டிக்கு ஒட்டும் லேபிளுக்காக அச்சு வந்தது. இயந்திரத்தைவிடக் கைவேலை மலிவாகக் கிடைத்ததால் சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்களும் குழந்தைகளும் அழைத்துவரப்பட்டனர். 1899-இல் கொள்ளையிடப்பட்ட நகரம் ஒரு தலைமுறைக்குள் பல ஆயிரம் பேருக்குக் கூலி கொடுக்கும் நகரமாயிற்று. இந்த எழுச்சி தமிழ்நாட்டின் தொழில் வரலாற்றில் மிகப் பெரிய சாதனைகளுள் ஒன்று. ஆனால் கூலி வாங்குபவரின் செய்தியை எழுத, முதலாளியின் சமூகத்துக்கு உரிய இதழால் முடியாது. அதில் எழுதுபவரின் நல்லெண்ணம் தீயெண்ணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வாசகர், சந்தாதாரர், விளம்பரதாரர், செய்தியாளர் எல்லோரும் கடையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

அச்சு நகரமும் செய்தியும்

தீப்பெட்டி லேபிளில் தொடங்கிய சிவகாசி அச்சுத் தொழில் நாள்காட்டி, நாட்குறிப்பு, பள்ளி நோட்டு, சினிமா சுவரொட்டி என விரிந்தது. இந்தியாவின் பல மொழிகளில் அங்கே அச்சாகிறது. ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான நாள்காட்டி ஆல்பங்களை வெளியிட்டு ஆர்டர் எடுப்பது அச்சகங்களின் வழக்கம். நாட்டில் எத்தனையோ வீடுகளில் நாளைக் கிழித்துக் கொடுக்கும் ஊர் அது. அப்படி இருந்தும் தமிழ்நாடு முழுவதும் பெயர் தெரிந்த நாளிதழ் எதுவும் சிவகாசியில் பிறக்கவில்லை. அச்சு இயந்திரமும் காகிதமும் மையும் முதலீடும் இருந்தால் பத்திரிகை தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்குச் சிவகாசி நல்ல மறுப்பு. அங்கே அச்சு என்பது ஆர்டரின் பேரில் செய்யப்படும் வேலை. அச்சாவது எப்போதும் இன்னொருவர் கொடுத்த சொல்.

செய்தி மறுபடியும் வெளியிலிருந்தே வந்தது. சி. பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கினார். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும் சிறு வாக்கியம், பெரிய தலைப்பு, பேச்சுக்கு நெருங்கிய நடை ஆகியவற்றால் அது தேநீர்க் கடைகளைப் பிடித்தது. 1951-இல் திருவனந்தபுரத்தில் டி. வி. ராமசுப்பையர் தொடங்கிய ‘தினமலர்’ 1957-இல் திருநெல்வேலிக்கு வந்தது. இந்த நாளிதழ்கள் பதிப்பு பதிப்பாகப் பிரிந்து மாவட்டப் பக்கம் போடத் தொடங்கியதும் குல மித்திரன் போன்ற சிறு இதழ்கள் செய்த வேலைக்கு இடமில்லாமல் போயிற்று. எல்லாச் சாதியாரும் படிக்கும் பத்திரிகை என்ற வகையில் இது முன்னேற்றம். குல மித்திரனால் செய்ய முடியாததை ஒரு தேநீர்க் கடைத் தினத்தந்தி செய்தது: மூட்டை தூக்குபவரையும் வாசகராக்கியது. ஆனால் செய்தியை எது செய்தி என்று முடிவு செய்யும் மேசை ஊரில் இல்லை. நிருபர் உள்ளூரில், மேசை மதுரையில். ஊரிலிருந்து மேசைக்குப் போவது இரண்டு வகைச் செய்திதான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஒன்று, விருதுநகர் மார்க்கெட் விலை நிலவரம். இன்னொன்று, வெடிவிபத்து.

விலை நிலவரம் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. பருப்பு, எண்ணெய், வத்தல், மல்லி என்று வரிசையாக, துல்லியமாக, சென்ற வாரத்தோடு ஒப்பிட்டு எழுதப்படும். எது எவ்வளவு ஏறியது, வரத்துக் குறைவா, ஏன் என்பதெல்லாம் அதில் இருக்கும். வியாபாரிக்குத் தேவையான செய்தி என்பதால் காரண காரியத்தோடு வருகிறது. வெடிவிபத்துச் செய்தியில் இல்லாதது இந்தக் காரண காரியம்தான்.

வெடிவிபத்துச் செய்திக்கு ஓர் அச்சு உண்டு. அந்த வட்டாரத்துக்கு நாளிதழ்கள் வைத்திருக்கும் பெயர் ‘கந்தக பூமி’. மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டது. அறைகள் தரைமட்டமாயின. இத்தனை பேர் உடல் கருகிப் பலி. தீயணைப்பு வண்டிகள் விரைந்தன. போர்மேன் கைது, உரிமையாளர் தலைமறைவு. அரசு நிதியுதவி அறிவிப்பு. உள்பக்கத்தில் இறந்தவர் பெயர், வயது, ஊர். மூன்றாம் நாள் செய்தி இல்லை. ஊரையும் எண்ணையும் மாற்றினால் எந்த ஆண்டின் செய்தியையும் எந்த ஆண்டுக்கும் பயன்படுத்தலாம்.

இந்த வடிவத்தில் விபத்துக்குக் காரணம் எப்போதும் ‘உராய்வு’. உராய்வு யாரையும் குற்றம் சொல்லாத சொல். ஓர் அறைக்கு நான்கு பேர் என்ற விதி இருக்கையில் எத்தனை பேர் இருந்தார்கள், உரிமம் பெற்றவரே ஆலையை நடத்தினாரா அல்லது அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டாரா, நாள் கூலியா அல்லது எண்ணிக்கைக்குக் கூலியா, வெயில் உச்சியில் மருந்து வேலை ஏன் நடந்தது என்பன அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கும் கேள்விகள். எண்ணிக்கைக்குக் கூலி என்றால் கை வேகமாக ஓடும். தீபாவளி நெருங்கினால் இன்னும் வேகமாக ஓடும். இதைப் பட்டாசுத் தொழிலாளி ஒவ்வொருவரும் அறிவார். மாவட்டப் பக்கத்தில் வருவது அபூர்வம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் இறந்தனர். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர் அல்லர். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து மக்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது உள்குத்தகை பற்றிய செய்திகள் வெளிவந்தன. விபத்துக்குப் பின்புதான் வந்தன. அங்கே வேலை செய்தவர்களுக்கு அது முன்பே தெரிந்த செய்தி.

செய்தி வந்தால் பயனில்லை என்றும் சொல்ல முடியாது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம். சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் குழந்தையை அமர்த்தினால் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்று அது ஆணையிட்டது. அந்த வழக்கை நீதிமன்றம் தானாகவே எடுத்துக்கொண்டதற்குக் காரணம், சிவகாசிப் பட்டாசு ஆலை விபத்து பற்றிய ஒரு பத்திரிகைச் செய்தி. அதற்குச் சில ஆண்டுகள் முன் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ (1990) ஆவணப்படம் அந்தக் குழந்தைகளைப் படச்சுருளில் பேசவைத்திருந்தது. நீதிமன்றம் தில்லியில் இருந்தது. படம் எடுத்தவர் வெளியூர். 1899-ஐப் போலவே இங்கும், பாதிக்கப்பட்டவர் வாக்குமூலம் பிறர் கேட்ட கேள்விக்குப் பதிலாக வந்தது.

மதிப்பீடு

நாடார் குல மித்திரனை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்கும்போது அதன் சிறப்பு கூடுகிறது, குறைவதில்லை. பிறர் எழுதிய செய்தியில் குற்றவாளியாகவோ பலியாகவோ மட்டும் இடம்பெற்ற ஒரு சமூகம் இருபதே ஆண்டில் தன் மேசையைத் தானே போட்டுக்கொண்டது. அதற்குப் பின்னால் மகமைப் பணம் இருந்தது, பள்ளி இருந்தது, கூட்டம் போட்டுக் கணக்குப் பார்க்கும் பழக்கம் இருந்தது. இவை இல்லாமல் ஆசிரியரின் ஆர்வத்தால் மட்டும் அந்த இதழ் நின்றிருக்காது. சுற்றுக் கிராமத்துப் பட்டாசுத் தொழிலாளிக்கு இன்றும் இவற்றுக்கு நிகரான எதுவும் கையில் இல்லை. சங்கங்கள் உண்டு, துண்டறிக்கைகள் உண்டு, இப்போது கைபேசியும் உண்டு. வாரந்தோறும் வந்து, ஓராண்டுக்குப் பிறகும் எடுத்துப் பார்க்கக் கிடைக்கும் பதிவு இல்லை.

இதழின் மீது வைக்க வேண்டிய உண்மையான விமரிசனம் அதன் பெயரில் சாதி இருந்தது என்பதைவிடச் சற்று ஆழமானது. தன் செய்தியைத் தானே எழுதுவது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அனுபவித்து அறிந்த வட்டாரம், அந்த அறிவைத் தன் ஆலைக்குள் வேலை செய்பவர்கள் வரை கொண்டு செல்லவில்லை. இதற்கு ஓர் இதழாசிரியரைப் பொறுப்பாக்குவது தவறு. ஆனால் இதழின் வரலாற்றை எழுதுபவர் இதைச் சொல்லாமல் விட்டால், அது உறவின்முறை ஆண்டு விழா மலரில் வரும் கட்டுரையாக முடிந்துவிடும். அத்தகைய மலர்களுக்குச் சிவகாசியில் பஞ்சமில்லை. வழவழப்பான தாளில், நல்ல வண்ணத்தில் அச்சாகின்றன.

ஆய்வு மாணவர்கள் நாடார் குல மித்திரனைச் சுயமரியாதை இயக்க வரலாற்றின் துணைச் சான்றாகவே பெரும்பாலும் தேடுகிறார்கள். ஈ. வெ. ரா. வந்தது, பேசியது, மாநாடு நடந்தது என்ற பகுதிகளைக் குறித்துக்கொண்டு மூடிவிடுகிறார்கள். விருதுநகர் நகராட்சியின் அறிக்கைகள், உறவின்முறைகளின் மகமைக் கணக்கு, 1920-களின் தீப்பெட்டி ஆலைப் பதிவுகள் ஆகியவற்றோடு சேர்த்து அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போதுதான் அந்த இதழ் ஊர்ப் பத்திரிகையாகத் தெரியத் தொடங்கும். முதலில் பார்க்க வேண்டியது சிறு எழுத்தில் வரும் பகுதிகளை: விளம்பரம், சந்தா அறிவிப்பு, திருமணச் செய்தி, மரண அறிவிப்பு, வாசகர் கடிதம்.